கழுவிய குப்பை

எங்கள் வீட்டு மாடியறையை நாள் கணக்கில் வாடகைக்கு விடலாம் என்பது என் யோசனை. என் கணவருக்கு முதலில் இஷ்டமில்லை. முன்பின் தெரியாதவர்களை வீட்டுக்குள் ஏற்றுவதா என்று கேட்டார். தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி வீட்டின்மேல் ஓர் அறையைக் கட்டி, இரும்பு ஏணியும் வைத்துவிட்டு, அதைச் சும்மா போட்டால் எலிதான் குடிவரும் என்றேன். வைத்தியத்துக்கு வருகிற திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள், தோல் பை கொள்முதலுக்கு வருகிற வியாபாரிகள் என்று நாலு நாள், ஒரு வாரம் தங்கிப்போனார்கள். கிளம்பும்போது எல்லோரும், வீடு கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார்கள். அதைக் கேட்பதற்காகவே இன்னும் நாலு பேருக்கு விடலாம் போலிருக்கும் எனக்கு.

சுத்தம் என் தொழில். பாந்த்ரா-குர்லா பக்கம் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் நான். ஊரான் வீட்டுக் கண்ணாடியில் ஒரு கைரேகை இருந்தாலே பொறுக்காதவள், என் வீட்டுச் சுவரை விடுவேனா? பாண்டுப்பில் ஒரு கடையில் விற்று மிஞ்சிய டைல்ஸ் மலிவாகக் கிடைத்தது. நானும் அவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் லோக்கல் ரயிலில் சாமான் ஏற்றுகிற டப்பாவில் பெட்டி பெட்டியாக ஏற்றிவந்து, தரையிலிருந்து கூரை வரை ஒட்டினோம். மூன்று டிசைன், ஒன்றுக்கொன்று சேராது. ஆனால் எதில் வேண்டுமானாலும் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.

அப்போதுதான் சினிமாக்காரர்கள் தேடி வந்தார்கள். மாடியறை வாடகைக்கு என்று சந்து முனையில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, படப்பிடிப்புக்கு வீடு பிடித்துக்கொடுக்கிற ஆள் ஒருவர் ஏறி வந்தார். சந்தும் ஏணியும் அவருக்குப் பிடித்துப்போயின. இரண்டு நாள் ஷூட்டிங்குக்குக் கீழ்வீடு மட்டும் போதும், நீங்கள் மாடியில் இருந்துகொள்ளலாம் என்றார். அவர் சொன்ன வாடகை, மாடியறை ஆறு மாதத்தில் கொண்டுவருவதைவிட அதிகம்.

என் மகள் நர்சிங் படிக்கிறாள். கடைசி வருட ஃபீஸை மாத முடிவுக்குள் கட்டியாக வேண்டும், பாதிதான் தேறியிருந்தது. கட்டாவிட்டால் ஒரு பருவம் வீட்டில் இருக்க வேண்டியதுதான். “வலிய வாற சீதேவிய காலால எத்தாத” என்றார் கணவர். எனக்கா சொல்ல வேண்டும்? கரும்பு தின்னக் கூலியா என்று அட்வான்ஸைக் கைநீட்டி வாங்கிக்கொண்டேன். சந்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லியும் வைத்தேன்.

பிறகு நான் செய்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நாலு நாள் லீவு போட்டு வீட்டைத் தேய்த்தேன். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் டைல்ஸ் இடுக்கையெல்லாம் சுரண்டினேன். குழாயைப் புளி போட்டு விளக்கினேன். மாதுங்கா மார்க்கெட்டில் புதுத் திரைச்சீலை வாங்கி மாட்டினேன். ஊரெல்லாம் பார்க்கப்போகிற படம், என் வீடு அதில் அழகாக வர வேண்டும் அல்லவா!

ஷூட்டிங் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் வாசலைக் கழுவி, நிலைப்படியில் மஞ்சள் குங்குமம் வைத்து, சின்னதாக ஒரு கோலமும் போட்டிருந்தேன். செட் போடுகிற பொறுப்பில் இருந்த இளைஞர் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்ததும் துக்கவீட்டுக்கு வந்தவர் மாதிரி அவர் முகம் தொங்கிப்போனது. ஃபிரிட்ஜை எடுக்க வேண்டும் என்றார். சரி என்றேன். கரி பூசிய காகிதத்தைச் சுவர் முழுக்க ஒட்டுவோம், முடிந்ததும் உரித்துவிடுவோம் என்றார். சரி. திரைச்சீலையைக் கழற்றிவிட்டுக் கிழிந்த சேலை தொங்கவிட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கும் சரி என்றேன். ரெண்டு நாள்தானே, கழுவிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

அடுத்து டெம்போவிலிருந்து நாலு சாக்கு இறங்கியது. என்னவென்று எட்டிப் பார்த்தால், அத்தனையும் குப்பை! நசுங்கிய பாட்டில், கந்தல், காய்ந்த தேங்காய்மட்டை. தாராவிக்கு வெளியிலிருந்து குப்பை இறக்குமதியாவதை அன்றுதான் பார்த்தேன். அதில் ஒரு சாக்கை என் கோலத்தின்மேல் கொட்டினார்கள்.

நான் போட்ட சத்தத்தில் சந்தே கூடிவிட்டது. அந்த இளைஞர் கெட்டவர் இல்லை. பயப்படாதீர்கள் ஆண்ட்டி, நடிகை உட்கார வேண்டிய இடம், அதனால் எல்லாவற்றையும் சோப்புப்போட்டுக் கழுவிக் காயவைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறோம் என்று இந்தியில் விளக்கினார். இந்த வீட்டை இப்படியே காட்டினால் இது தாராவி என்று யார் நம்புவார்கள் என்றும் கேட்டார். நம்பாதவர்களை என் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள், நான் காபி போட்டுக் கொடுக்கிறேன் என்றேன்.

கணவர் என் கையைப் பிடித்து, “புள்ள ஃபீஸு கெடக்கு பாத்துக்க” என்றார் மெதுவாக. அவர் சொன்னது நியாயம். ஒரு வெள்ளிக்கிழமைக் கோலமா, பிள்ளையின் படிப்பா? எனக்கு அழுகை வந்தது. கொட்டிக்கொள்ளட்டும் என்று ஓரமாக விலகி நின்றேன்.

மாடியிலிருந்து மகள் இறங்கி வந்தாள். மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்து, வாசலில் கிடந்த குப்பையைக் கூட்டி, அவர்கள் சாக்கிலேயே அள்ளிப் போட ஆரம்பித்தாள். ஏட்டி, ஃபீஸ் கட்ட வேண்டாமா என்று பதறினேன்.

“நம்ம வாசல்ல குப்பையக் கொட்டி வாற துட்டுல நா படிக்க மாட்டேம்மா. ஒரு பருவம் போனாப் போட்டும், பெறவு படிச்சிக்கிடுதேன்.”

பிறகு அந்த இளைஞரிடம் திரும்பி, மரியாதையான இந்தியில், உங்கள் சாக்கை எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா, அட்வான்ஸை அப்பா கொடுத்துவிடுவார் என்றாள். கணவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்ப் பணத்தை எடுத்துவந்து கொடுத்தார். மத்தியானத்துக்குள் எல்லோரும் போய்விட்டார்கள். செம்பூரில் ஒரு காலிக் குடோனை எடுத்து அதற்குள் தாராவியைக் கட்டினார்களாம். கேள்விப்பட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஃபீஸுக்கு என் வளையல் அடகுக்குப் போனது. இன்னும் மீட்கவில்லை. மாடியறை வாடகையைச் சேர்த்து மீட்டுக்கொள்வேன், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலை செய்கிற இடத்தில் வீடு எங்கே என்று யார் கேட்டாலும், தாராவி என்று சொல்லாமல், பக்கத்திலிருக்கிற சயான் என்றுதான் சொல்லிவந்தேன். காலேஜில் அப்படியே சொல்லும்படி மகளுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதனாலேயே அவளோடு படிக்கிற பிள்ளைகள் ஒருத்திகூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

ஷூட்டிங் நின்றுபோனதற்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, மகளோடு படிக்கிற மூன்று பெண்கள் தாணேயிலிருந்து வந்தார்கள். பாதி வழியில் ஃபோன் செய்து இடம் கேட்டார்கள். மகள் வாசலில் நின்று, தாராவி, தாராவி என்று சந்து முழுக்கக் கேட்கும்படி வழி சொன்னாள். உள்ளே நான் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் வேலைக்குப் போனதும், எனக்குக் கீழே வேலை பார்க்கிற எட்டுப் பேரையும் வரிசையாகக் கூப்பிட்டு, என் வீடு தாராவியில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள் என்றேன்.