படச்சீட்டு மட்டும்

ஞாயிறு சர்ச்சில் இரண்டாம் பூசை முடிந்ததும் ராயபுரத்தில் என் நண்பன் வீட்டு மொட்டைமாடியில் போக்கர் ஆடுவோம். நாலு பேர். எல்லோருக்கும் எண்ணூர்ப் பக்கம் ஒரே கன்டெய்னர் யார்டில் வேலை. நண்பன் கிரேன் ஓட்டுபவன், இன்னொருவர் எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ், நாலாமவனும் நானும் ஆபீஸில் கம்ப்யூட்டர் தட்டுபவர்கள். தோற்றவன் பிரியாணி வாங்க வேண்டும், அவ்வளவுதான் பந்தயம்.

எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும், பாதியில் ஒதுங்கியவனும் தன் இரண்டு சீட்டைத் திறந்து காட்டிவிட வேண்டும். பின்னால் சண்டை வரக்கூடாது என்று வைத்தது. நான் அதையெல்லாம் போனில் ஏற்றிக்கொள்வேன். யார் எத்தனை ஆட்டத்தில் இறங்குகிறான், எதை வைத்துக்கொண்டு பந்தயத்தை ஏற்றுகிறான், எதை வீசுகிறான் என்று யார்டு பஸ்ஸில் உட்கார்ந்து அலசுவேன். அதில் எனக்கு ஒரு திமிரே இருந்தது.

போன மழைக்காலத்துக்குப் பிறகு நண்பனின் கணக்கு மாறியது. பத்துக்கு ஐந்து ஆட்டத்தில் குதிப்பவன் இரண்டுக்கு மேல் வருவதில்லை. எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விழும் சீட்டைச் சத்தமாகச் சொல்லச் சொல்வான். அதை பந்தா என்று எடுத்துக்கொண்டேன். பழைய ஆட்டங்களைப் புரட்டினால் ராஜா, ராணி, ஜாக்கி, நடுவில் ஒற்றைப் பூ பெரிதாகப் போட்ட ஏஸ் வந்தால்தான் இறங்கியிருக்கிறான். கையில் இரண்டு ஒன்பது ஜோடியாக வந்ததைக்கூட வீசியிருக்கிறான். பயந்து ஆடுகிறான் என்று முடிவு கட்டினேன். அவன் பந்தயத்தை ஏற்றினால் ஒதுங்கிக்கொண்டே மூன்று வாரம் ஜெயித்தேன்.

மூன்றாம் வாரம் வாய் சும்மா இருக்கவில்லை. பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தபடி எல்லோருக்கும் போனைக் காட்டினேன்.

"இவன் படம் போட்ட சீட்டு மட்டும்தான் ஆடுறான். நம்பர் சீட்டுன்னா எவ்ளோ நல்லா வந்தாலும் கடாசிட்றான்."

நான் மட்டும்தான் சிரித்தேன். இன்சார்ஜ் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்.

"இது இன்னா நம்பர்பா?"

நண்பன் வெகுநேரம் பார்த்துவிட்டு ஆறு என்றான். அது எட்டு. அவன் சாப்பிடாமல் எழுந்துபோய்க் கை கழுவினான்.

அந்த வாரமே கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சர்க்கரை கண்ணைத் தின்றிருந்தது. பதினெட்டு வருடம் கிரேன் ஓட்டியவன் இப்போது கேட்டில் லாரிகளுக்குத் தடுப்புக் கயிற்றை இறக்கி ஏற்றுகிறான். ஞாயிறு ஆட்டம் நின்றுபோனது. கிரேனுக்குக் கீழே நிற்பவன் தலையில் பெட்டி விழாமல் தப்பியதே, நல்லதுதானே செய்தாய் என்கிறாள் என் மனைவி. வாஸ்தவம்தான். ஆனால் நான் யாரையும் காப்பாற்றுவதற்காக அதைச் சொல்லவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவதற்காகச் சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

போன மாதம் கேட்டில் என்னை நிறுத்தினான். முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்த்துத்தான் நான் என்று தெரிந்துகொண்டான்.

"கண்டுபுட்ச்சிட்ட, சரி. என் கைல தனியா சொல்லிருந்தா நானே கிரேன உட்டு எறங்கிருப்பேனே மாமு."

தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை, அவன் கண் விஷயத்தை அந்த மாடியில் கடைசியாகப் புரிந்துகொண்டவன் நான்தான் என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை.