ஓர் அகரமும் வெள்ளை அரளியும்

சனிக்கிழமை மதியம் கள்ளக்குறிச்சியில் அந்தத் தாளை வாங்கினோம். என் மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி. ஊசி குத்திப் பரிசோதனைக்கு எடுத்திருந்தார்கள். டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார் என்று சொல்லி, கவுண்டரில் இருந்த பெண் உறையைக் கையில் கொடுத்துவிட்டாள். ஒட்டாத உறை. பிரிக்காமல் இருக்க நான் என்ன முனிவனா?

ஆங்கிலத்தில் ஆறு வரி. அதில் ஒரே ஒரு சொல் முள்ளாகக் குத்தியது: ‘ஏடிபிகல்’. டிபிகல் என்றால் வழக்கமானது, அது தெரியும். முன்னால் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது என்ன சொல்கிறது? நான் பள்ளியில் தமிழ் எடுக்கிறவன். ஆங்கிலம் எனக்குத் தூரத்துப் பங்காளி, விசேஷத்தில் பார்த்துத் தலையாட்டுவதோடு சரி.

கச்சிராயபாளையத்தில் பஸ் நிற்கும்வரை அந்தத் தாளை நாலு முறை படித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஜன்னலுக்கு வெளியே கரும்பைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கட்டி தெரிந்த நாளிலேயே அவள் சொல்லிவிட்டாள்: “மாத்திர மருந்து எது குடுத்தாலும் சாப்புடறேன். கத்தி மட்டும் வைக்க வுட மாட்டேன்.” அவளுடைய அக்கா ஆபரேஷனுக்கு உள்ளே போய்த் திரும்பி வராதவள். அதனால் நானும் வாதாடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அகராதியையும் போனையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தமிழில் சொல்லுக்கு முன்னால் வரும் அ சுட்டிக்காட்டும். அவ்வீடு, அப்பக்கம் என்று விரல் நீட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. மறுப்பதற்கு நாம் வாக்கியத்தின் கடைசிவரை போகவேண்டும், அங்கேதான் ‘இல்லை’ உட்கார்ந்திருக்கும். வடமொழி அ அப்படியல்ல. நீதிக்கு முன்னால் நின்றால் அநீதி, சுத்தத்துக்கு முன்னால் நின்றால் அசுத்தம். வாசலிலேயே மறித்துவிடும். கிரேக்க மொழியிலும் அதே குணம், இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்கிறார்கள். என் கையிலிருந்த தாளில் அந்தக் கிரேக்கச் சரக்குதான் ஆங்கில வேஷத்தில் நின்றது. சரி, மறுப்பு என்று முடிவு கட்டப் போனால் ‘அலைவ்’ என்று இன்னொரு சொல் வந்து வழிமறித்தது. உயிரோடு இருப்பது. அதிலுள்ள அ எதையும் மறுக்கவில்லை. ‘மேல்’, ‘இல்’ என்ற பொருளில் பழைய ஆங்கிலத்தில் இருந்த ஒரு சொல் தேய்ந்து மிஞ்சியதாம். உயிரில் இருப்பதால் அலைவ். எனக்குத் தலை சுற்றியது.

“இன்னாங்க போட்டிருக்கு?” என்றாள்.

“வழக்கமான மாதிரி இல்லையாம்.”

“அப்ப எந்த மாதிரி?”

“அது போடல.”

“நல்லதா, கெட்டதா?”

“அதுவும் போடல.”

“எழுதினவன் ஏட்டக் கெடுத்தான், படிச்சவன் பாட்டக் கெடுத்தான். மூடி வைங்க. நாளைக்கி ஆத்தாகிட்ட பூ கேட்டுக்கினு வந்துடலாம்.”

எங்கள் பக்கத்தில் ஒன்றும் பிடிபடாதபோது பூக் கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், நிறம் தெரியாமல் இலையில் மடித்து நூல் சுற்றி அம்மன் காலடியில் போட வேண்டும். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். கேள்வியை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. இதையெல்லாம் வகுப்பில் கிண்டலடிக்கிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு அவளுக்கு முன்னால் கிளம்பி நின்றேன்.

மலையடிவாரத்துக் கோவிலில் பூசாரி சொன்னார்: “செவப்பு வந்தா ஆமா, வெள்ள வந்தா இல்ல. ரெண்டு பேரும் நெனைச்சிக்கினீங்களா?”

தலையாட்டினோம். நான் கண்ணை மூடி, இவளுக்குப் பெரிய வியாதி இருக்கிறதா என்று கேட்டேன்.

வெள்ளை.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தட்டில் பெரிய நோட்டாகப் போட்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் கண் நிறைய நீர்.

“அதான் இல்லன்னு வந்துடுச்சே, எதுக்கு அழுவுற?”

“நீங்க இன்னா கேட்டீங்க?”

சொன்னேன்.

“நான் அத கேக்கலியே,” என்றாள்.

“பின்ன?”

“சொன்னா பலிக்காது. வாங்க, பஸ்ஸு வந்துடும்.”

பஸ்ஸில் உட்கார்ந்து நானே கணக்குப் போட்டேன். இவள் ஆபரேஷன் செய்யலாமா என்று கேட்டிருக்கிறாள், அம்மனும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இனி யார் சொன்னாலும் கேட்கமாட்டாள். அதற்குமேல் இன்னொரு குழப்பம். ஒரு பூ, இரண்டு கேள்வி. அம்மன் பதில் சொன்னது யாருக்கு? அன்றைக்கு எனக்கு அகராதி மேலும் கோபம், அம்மன் மேலும் கோபம், உண்மையில் பயம்.

திங்கட்கிழமை டாக்டர் தாளைப் புரட்டினார். “இத வச்சி இதுதான்னு உறுதியா சொல்ல முடியாது. ஆபரேஷன் பண்ணி எடுத்துப் பாத்தாதான் தெரியும்,” என்றார். ஆக, அவருக்கும் அந்த எழுத்து எனக்குச் சொன்ன அளவுதான் சொல்லியிருக்கிறது. நான் அவளைப் பார்த்தேன்.

“என்னிக்கி வந்து சேரணுங்க?” என்று டாக்டரிடம் கேட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே நிறுத்தினேன். “ஆத்தா வேணான்னு சொல்லியும் எப்படி ஒத்துக்கின?”

“ஆபரேஷனப் பத்தி நான் கேக்கவே இல்லியே.”

“அப்புறம் இன்னாதான் கேட்ட?”

முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு இரண்டு படி இறங்கினாள்.

“நான் இல்லன்னா இவரு தனியா இருந்துக்குவாரான்னு கேட்டேன். வெள்ள வந்துடுச்சி.”