ஆளில்லாத நாற்காலிக்கு ஒரு மைக்

நகர மன்றத்தில் ஒலிபெருக்கி பார்ப்பவரை எல்லோரும் மைக்கண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்ப்பாரோ என்னவோ. பத்தொன்பது வருஷமாக அதே மூலை, அதே ஹெட்போன்.

மன்றத்தில் உறுப்பினர்கள் ஒன்பது பேர் போகப் பத்தாவது நாற்காலி ஒன்று உண்டு. அதில் யாரும் உட்காரக் கூடாது. இனிமேல் பிறக்கப்போகிறவர்களுக்கு என்று சட்டம் போட்டு ஒதுக்கிய இடம். ஓட்டெடுப்புக்கு முன்னால் அதன் மைக்கை ஒரு நிமிஷம் திறந்து வைத்து, "மறுப்பு உண்டா?" என்று தலைவர் கேட்க வேண்டும். கேட்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், இல்லை என்று எழுதச் சொல்வார். ஊரை ஏமாற்ற இதைவிட மரியாதையான வழி கிடையாது.

மைக்கண்ணனும் ஒன்றும் யோக்கியர் இல்லை. சேர்ந்த முதல் மாதமே, அந்த மைக்கில் ஏதோ இரைகிறது என்று ஒலியை அடியோடு குறைத்து வைத்தவர் அவர்தான். சிவப்பு விளக்கு எரியும், சத்தம் வராது. கேட்க நாதி ஏது?

அன்று மதியம் ஏரிக்கரையில் ஆலைக் கழிவைப் புதைக்கும் தீர்மானம் வந்தது. ஊர் குடிப்பது அந்த ஏரித் தண்ணீரைத்தான். அவர் மகளும் அதைத்தான் குடிக்கிறாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். மனிதருக்கு மனசு கேட்கவில்லை. தலைவர் மறுப்பு உண்டா என்றதும் ஒலியைக் கூட்டிவிட்டார்.

மூச்சுச் சத்தம். ஒன்றா இரண்டா, ஒரு பள்ளிக்கூடமே படுத்துத் தூங்குகிற மாதிரி கூடம் முழுக்கக் கேட்டது.

"என்னய்யா அது?" என்றார் தலைவர்.

"மறுப்புங்க."

"மூச்சு விடுறதெல்லாம் மறுப்பாய்யா? மெஷின் கோளாறு. நிமிஷம் முடிஞ்சுது. ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

மைக்கண்ணன் மைக்கை மூடவில்லை. முதல் கை உயர்ந்தது; சத்தம் கொஞ்சம் இளைத்தது. இரண்டாவது கை, இன்னும் கொஞ்சம். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்தார்.

"வேண்டாங்க, கையை இறக்குங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன்."

வேலை போனால் போகட்டும் என்று துணிந்துதான் கெஞ்சினார். ஒலிபெருக்கிக்காரன் பேச்சு எந்தச் சபையில் ஏறும்? நான்காவது கையோடு ஒரே ஒரு மூச்சு மிஞ்சியது. ஐந்தாவது உறுப்பினர் தயங்கினார், தலைவரைப் பார்த்தார், கையைத் தூக்கினார். அந்த மூச்சும் நின்றது.

வெளியே ஓடிவந்து மகளுக்குப் போன் போட்டார்.

"நல்லாருக்கியாம்மா?"

"நல்லாத்தாம்ப்பா இருக்கேன். காலையிலேர்ந்து ஒரே உதை, உக்கார விடல. இப்பத்தான், ஒரு அஞ்சு நிமிஷமா, சமத்தா தூங்குது."