செல்வியிடம் சொல்லாத கடைசித் தேதி

காலையில் தாம்பரத்தில் பஸ் ஏறியபோது ஜன்னலோரம் செல்வி இருந்தாள். இரண்டு வருடமாக அரசுத் தேர்வுகளுக்கு என்னோடு சேர்ந்து படிக்கிறவள்.

"இன்டர்வியூ வந்துடுச்சாமே! சொல்லவே இல்ல பாத்தியா?" என்று கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

பட்டதாரிகளுக்கான அரசுப் பயிற்சித் திட்டம் அது. மாவட்டத்துக்கு ஒருவரைத்தான் எடுப்பார்கள். அறிவிப்பை யார் முதலில் பார்த்தாலும் மற்றவளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம்.

நான்தான் முதலில் பார்த்தேன். விண்ணப்பிக்கக் கடைசித் தேதி முடியும்வரை சொல்லவில்லை. அவள் என்னைவிட நன்றாகப் படிப்பாள், அதனால்தான்.

"நான்தான் கோட்ட விட்டுட்டேன். அம்மா ஆஸ்பத்திரில இருந்தாங்கல்ல, எதையுமே பாக்கல" என்றபடி பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். "இன்டர்வியூவுக்குன்னு எழுதி வெச்சது. உனக்காவது உதவட்டும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"எனக்கு முன்னாடியே தெரியும்டி. வேணும்னேதான் சொல்லல."

பெருங்களத்தூர் தாண்டும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. நோட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

"ஜெராக்ஸ் எடுத்துட்டுக் குடு. அடுத்த வருஷம் எனக்கு வேணும்."

வண்டலூரில் இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இன்டர்வியூவில் 'உங்கள் பலவீனம் என்ன?' என்று கட்டாயம் கேட்பார்களாம். என்னிடம் நேர்மையான பதில் ஒன்று இருக்கிறது, ஆனால் அதைச் சொன்னால் யாரும் எடுக்கமாட்டார்கள். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?