நடுவில் வைத்த லாந்தர்

என் அக்காவோடு பேச வேண்டுமென்றால் வெளிச்சம் வேண்டும். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது, வாய்ப்பேச்சும் இல்லை. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி, காது கேளாதவர்களுக்கான பள்ளியில் படித்து முடித்து அவள் வீட்டோடு வந்து சேர்ந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். பள்ளியில் அவள் கற்ற கைப்பேச்சும், நாங்கள் இருவருமாக உண்டாக்கிக்கொண்ட ஜாடைகளும் கலந்து எங்களுக்கென்று ஒரு பாஷை இருந்தது. பல் துலக்கும்போது தொடங்கினால் பாயை விரிக்கும்வரை ஓயாது. அம்மாவுக்கு அதில் பாதி புரியும். அப்பாவுக்குச் சாப்பாடு, வா, போ, மழை, பணம் ஆகியவற்றைத் தாண்டிக் கை வராது.

எங்கள் தோப்பு கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னை மட்டைகளைப் பிய்த்துக் கரண்டுக் கம்பிமேல் போடும். சாயங்காலமானால் கரண்ட் போய்விடும். அப்போது மற்ற வீடுகளில் டிவி நிற்கும். எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும். மெழுகுவத்தி அந்தக் காற்றுக்குத் தாங்காது. செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டால் பேசுவதற்கு ஒரு கைதான் மிச்சம். அதுவும் வெளிச்சம் ஒருவர் முகத்தில் விழுந்தால் இன்னொருவர் இருட்டில் இருப்பார். ஆகவே நானும் அக்காவும் கரண்ட் வரும்வரை ஒருவர் மடியில் ஒருவர் கால் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்போம்.

அம்மாவின் தம்பி சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையாக இருந்தார். அந்த மாமாவுக்குக் கைவிளக்குகள் என்றால் பைத்தியம். அவரைப் போன்ற பைத்தியங்கள் உலகமெங்கும் இருப்பதாகவும், எல்லோரும் இணையத்தில் கூடிப் பேசுவதாகவும் சொல்வார். கடையில் விற்கும் விளக்குகள் எதுவும் பிடிக்காமல் அவர்களே ஒரு லாந்தரை வடிவமைத்திருந்தார்கள். ஒருவர் அதன் உடம்பை வரைந்தார், ஒருவர் உள்ளே ஓடும் புரோகிராமை எழுதினார், மற்றவர்கள் எல்லாம் யோசனை சொன்னார்கள். மாமாவும் ஏதோ யோசனை சொன்னாராம். அதை ஏற்றுக்கொண்டார்களா என்று அப்பா கேட்டதும் வேறொரு விளக்கைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

அந்த லாந்தரில் ஒன்றை மாமா ஓர் ஆடி மாதத்தில் எங்களுக்குக் கொண்டுவந்தார். சார்ஜ் ஏற்றிக்கொள்கிற, கறுப்பு நிறத்தில் கனமான, ஒரே ஒரு பொத்தான் வைத்த விளக்கு. கூடவே பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் ஒரு விளக்கக் குறிப்பு. ஒருமுறை அழுத்தினால் எரியும். அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் கூடும், விட்டுப் பிடித்தால் குறையும். வேறொரு விதமாக அழுத்தினால் வெள்ளை வெளிச்சம் மஞ்சளாகும். மூன்றுமுறை அழுத்தினால் எவ்வளவு சார்ஜ் இருக்கிறதென்று மின்னி மின்னிச் சொல்லும். மாமா அழுத்திக் காட்டினார். ஒன்று தவறிப்போய் விளக்கு தானாக நடுங்கத் தொடங்கியது.

"வந்த அன்னைக்கே கெட்டுப்போச்சாட்ட இருக்குது?" என்றாள் அம்மா.

"கெடலக்கா. மெழுகுவத்தியாட்ட ஆடறதும் ஒரு செட்டிங்குதான்."

"மெழுகுவத்தி வேண்டாம்னுதான இதைக் கொண்டாந்தே?" என்று அம்மா கேட்டாள். அப்பா குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஊரே கூடிச் செஞ்சா இப்படித்தான். ஆளுக்கொரு யோசனையப் பொத்தானுக்குள்ள தள்ளிப்போட்டாங்க" என்றார்.

அக்கா லாந்தரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். குறிப்பை அவள் தொடவே இல்லை. அழுத்துவாள், பார்ப்பாள், ஒரு விரலை மடக்குவாள், மறுபடி அழுத்துவாள். மாமா சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் நடுக்கம் நின்றிருந்தது. சில நாட்களில் அந்த விளக்கில் அவளுக்குத் தெரியாத மூலை இல்லை. வெள்ளை வெளிச்சத்தில் விரல்களின் நிழல் குழப்பும், முழு மஞ்சளில் முகம் மங்கும் என்று கண்டுபிடித்து இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறத்தை நிறுத்தினாள். கண் கூசாமல் கையும் முகமும் தெரிகிற ஓர் அளவைப் பிடித்து, இருட்டில் தடவி ஒருமுறை அழுத்தினாலே அந்த அளவில் எரியும்படி வைத்தாள். எனக்கும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். கரண்ட் போனதும் லாந்தரை நடுவில் வைத்து எதிரெதிரே உட்கார்ந்துகொள்வோம். சுவரில் எங்கள் கைகள் பெரிது பெரிதாகப் பேசும். அதன்பிறகு கரண்ட் போனால் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அடுத்த வருஷம் அக்காவுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வீடு கருமத்தம்பட்டியில். சொந்தத்தில் தறிக்குடோன், அதற்குள் ஓய்வில்லாமல் ஓடும் விசைத்தறிகள். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வயது கூட, ஆனால் நல்ல மாதிரி என்றார்கள். வரனைக் கொண்டுவந்த பெரியப்பா அப்பாவிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"தறி ஓடறப்ப அந்த ஊட்டுல ஆருக்குமே காது கேக்காது தம்பி. அல்லாரும் கை ஜாடைதான். நம்ம புள்ளைக்கு இதவிடப் பொருத்தம் எங்க போய்த் தேடறது?"

எனக்கும் அது ரொம்பச் சரியாகப் பட்டது. ஊரே ஜாடையில் பேசுகிற இடத்துக்கு அக்கா போகிறாள் என்று பள்ளியில் பெருமையாகச் சொன்னேன்.

அப்பா என்னைக் கூப்பிட்டு, "அக்காகிட்டக் கேளு கண்ணு, சம்மதமான்னு" என்றார். நான் கேட்டேன். அக்கா கொஞ்ச நேரம் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, நீ வருவாயா என்று கேட்டாள். லீவு விட்டால் வருவேன் என்றேன். தலையை ஆட்டினாள்.

"சரிங்கறாப்பா" என்றேன். அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சீர்ப் பாத்திரங்களோடு லாந்தரும் போனது. மாமா புது பேட்டரி போட்டுக் கொடுத்தார்.

காலாண்டு லீவில் அப்பாவும் நானும் பஸ் மாறிக் கருமத்தம்பட்டிக்குப் போனோம். தெருமுனையிலேயே தறிச்சத்தம் காதை அடைத்தது. அக்கா ஓடிவந்து என்னைத் தூக்கினாள். அப்போது நான் தூக்குகிற வயதெல்லாம் தாண்டியிருந்தேன். அவள் இளைத்திருந்தாள்.

பெரியப்பா சொன்னது பொய்யில்லை. குடோனில் எல்லோரும் ஜாடைதான் காட்டினார்கள். நூல் அறுந்துவிட்டது, நிறுத்து, டீ வந்துவிட்டது, அவ்வளவுதான் அந்த ஜாடைகள். அக்காவின் வீட்டுக்காரர் மோசமானவர் இல்லை. அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையில் காலைத் தட்டுவார், அதிர்வில் அவள் திரும்புவாள், டம்ளரைத் தூக்குவதுபோலக் காட்டுவார். அவள் டீ கொண்டுவருவாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. அக்கா கைகளை மார்புக்கு மேல் தூக்கவே இல்லை. வயிற்றோடு ஒட்டி, சின்னச் சின்னதாக, முந்தானைக்குள் வைத்துப் பேசினாள். எனக்குப் பாதி புரியவில்லை. என்ன ஆயிற்று என்று நான் கைகளை வீசிக் கேட்டபோது அவளுடைய மாமியார் என்னைப் பார்த்துச் சிரித்து, "வந்தவங்க முன்னால அப்படிக் கையாட்டப்படாது அம்மணி. பாக்கறவங்க ஒரு மாதிரி நெனப்பாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் தலையை வாரிவிட்டுக்கொண்டேதான் சொன்னார்.

பொழுது சாயும் நேரத்தில் கரண்ட் போனது. தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. அந்த அமைதியில் என் காது ரீங்கரித்தது. உடனே எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பகலெல்லாம் பேச முடியாததை அப்போதுதான் பேசுவார்கள் போலிருந்தது. தெரு முழுக்கச் சிரிப்பும் கதையுமாக இருந்தது. அப்பாவும் சம்பந்தியோடு போய் உட்கார்ந்தார். உள்ளே நானும் அக்காவும் மட்டும்.

லாந்தர் எங்கே என்று அவள் உள்ளங்கையில் எழுதிக் கேட்டேன். அலமாரியின் மேல்தட்டில், கல்யாணத்தன்று கட்டிய கவரோடு அப்படியே இருந்தது. சார்ஜ் மட்டும் ஏற்றி வைத்திருந்தாள். நடுவில் வைத்து அழுத்தினேன். எங்கள் வீட்டு நிறத்தில், எங்கள் வீட்டு அளவில் எரிந்தது.

அக்காவின் கைகள் மேலே வந்தன. கன்றுக்குட்டி வளர்ந்ததா, அம்மாவுக்கு முட்டிவலி எப்படி, மாமா புதிதாக என்ன விளக்கு வாங்கினார் என்று ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் அடுத்ததைக் கேட்டாள். மாமா ஒரு விளக்கைத் தண்ணீருக்குள் எரிகிறதா என்று பார்க்கப் போய்க் கிணற்றில் விட்ட கதையை நடித்துக் காட்டினேன். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்புக்குத் தனியாக ஒரு சத்தம் உண்டு. வாசலில் பேச்சு ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது.

பிறகு நான் கேட்டேன்: இங்கே நீ யாரோடு பேசுவாய்?

விளக்கு அணைந்துவிட்டது.

ஒன்றும் தெரியவில்லை. இருட்டில் கையை நீட்டி லாந்தரைத் தேடினேன். அக்காவின் கைகள் வந்து என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டன. விரலை அசைக்க முடியாதபடி அவ்வளவு இறுக்கம். இருட்டுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து நானும் நகராமல் இருந்தேன். கரண்ட் வந்து தறிகள் ஓடத் தொடங்கியதும் விட்டுவிட்டு, முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு டீ வைக்கப் போனாள். நான் லாந்தரை எடுத்து மூன்றுமுறை அழுத்தினேன். சார்ஜ் நிறைய இருக்கிறதென்று மின்னியது.

திரும்பும் பஸ்ஸில் விளக்கு அணைந்ததை அப்பாவிடம் சொன்னேன்.

"சார்ஜ் தீந்திருக்கும் கண்ணு."

"இல்லப்பா, பாத்தனே. நெறைய இருக்குது. பேசிட்டு இருக்கறப்பவே டப்புனு போயிருச்சு."

"என்ன பேசிட்டு இருந்தீங்க?"

சொன்னேன். அப்பா கோயம்புத்தூர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மறுவாரமே தனியாகப் போய், தீபாவளிக்கு என்று சொல்லி அக்காவை அழைத்துவந்து வெகுநாள் வைத்திருந்தார். பிறகு அவள் போனாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். அவளுக்கு ஒரு பெண் பிறந்து, அந்தக் குழந்தை வாயால் பேசுவதற்கு முன்னால் கையால் பேசியது. ஆனால் அதற்குப் பல வருஷம் ஆனது.

அந்த லீவில் எனக்கு இருந்த கவலையெல்லாம் லாந்தரைப் பற்றித்தான். மாமாவைப் போனில் பிடித்து, அவருடைய கூட்டத்தாரிடம் கேட்டே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தேன். மாமா நான் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதிப்போட்டார். நான் வரைபடத்தில் தேடிப் பார்க்க வேண்டிய ஊர்களிலிருந்தெல்லாம் பதில்கள் வந்தன. பேட்டரி முனையைத் துணியால் துடைக்கச் சொன்னார் ஒருவர். அடிமூடியை இறுக்கித் திருகச் சொன்னார் இன்னொருவர். சூடானால் வெளிச்சம் குறையுமே தவிர இப்படி அணையாதே என்று புரோகிராம் எழுதியவரே குழம்பினார். முகம் தெரியாத அத்தனை பேரும் எங்கள் அக்காவின் விளக்குக்காக உட்கார்ந்து யோசித்தார்கள்.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி கேட்டிருந்தார். மாமா போனில் அதை முதலில் ஆங்கிலத்தில் படித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏஞ்சாமி, லைட்டு போனப்ப ஆராச்சும் பொத்தான அமுத்துனாங்களான்னு கேக்கறாங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு விவரமாகச் சொல்லியும் இப்படிக் கேட்கிறார்களே என்று.

"இல்லீங் மாமா. அங்க வேற ஆருமே இல்ல. நானும் அக்காவும் மட்டுந்தான் இருந்தோம்" என்றேன்.