பத்து அங்குல மேடு

அக்கா ஒரே நிபந்தனையின் பேரில்தான் எங்கள் வீட்டுக்கு வர ஒப்புக்கொண்டாள். "கக்கூசுக்குப் போக யாரையும் கூப்பிட மாட்டேன். தனியாப் போய் வர முடியும்னா சொல்லு, வரேன். இல்லன்னா ஊத்தங்கரையில என் வீட்டுலயே கிடக்கறேன்." முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து, பெங்களூர் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி சொன்னாள். நர்ஸாக முப்பது வருடம் பிறருக்கு பெட்பேன் எடுத்தவள். முடியும் என்றேன். அவளை அனுப்பப் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

மத்திகிரியில் எங்கள் மாடிக் குளியலறைக்குள் நுழையப் பத்து அங்குல மேடு ஏற வேண்டும். அந்த மேட்டுக்குக் காரணம் நான்தான். வீடு கட்டும்போது, குளியலறை வரும் இடத்தில் தளத்தைப் பள்ளமாக இறக்கட்டுமா என்று மேஸ்திரி கேட்டார். இறக்கினால் கீழ்வீட்டுச் சமையலறையின் கூரை தாழும், வாடகைக்கு வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று வேண்டாம் என்றேன். குழாய்கள் தளத்தின் மேலேயே படுத்தன. அவற்றை மூடத் தரை உயர்ந்தது. வாக்கர் பிடித்து நடப்பவர் அதில் ஏற முடியாது.

பிளம்பர் மேட்டை உளியால் தட்டிப் பார்த்தார்.

"உடைச்சிடலாம் சார். பைப்பைக் கீழ் வீட்டு சீலிங்ல தொங்க விட்டுக் கொண்டு போயிடலாம்."

கீழே போய்ப் பார்த்தோம். குழாய் வரும் இடத்துக்கு நேர் கீழே கேஸ் அடுப்பு. அங்கே குடியிருக்கும் பெண்ணுக்கு வேப்பனப்பள்ளி. கணவர் ஷிஃப்ட் முடிந்து உள்ளறையில் தூங்கியதால் தாழ்ந்த குரலிலேயே சண்டை போட்டார்.

"ஏண்ணா, என் சாம்பார் மேல உங்க வீட்டுக் கக்கூசு ஓடணுமா?"

"சொட்டு ஒழுகாதும்மா," என்றார் பிளம்பர்.

"அப்போ உங்க வீட்டு அடுப்பு மேல முதல்ல மாட்டுங்க. நான் வந்து பாத்துட்டு சொல்றேன்."

பிளம்பர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் சொன்னது நியாயம். பத்து நாளில் மூன்று நாள் போயிருந்தது.

அன்று மாலை முழுவதும் மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன். அளக்கும் டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தேன். "அதைக் கீழ வைங்க. அளந்தா மேடு குறையுமா?" என்றாள் மனைவி.

மறுநாள் பிளம்பர் வேறு வழி சொன்னார். "கக்கூஸ் கோப்பை கதவுகிட்ட வேணும்னு நீங்க அடம் பிடிக்கறதாலதான் இவ்வளவும். வெளிச்சுவர்ல பெரிய பைப்பு எங்க இறங்குதோ அங்கயே வைங்க." கழிவைப் பின்னால் சுவர் வழியாகவே வெளியேற்றும் வெஸ்டர்ன் கோப்பை. குளிக்கிற தண்ணீருக்கு அதே சுவரின் அடியில் ஒரு துளை. தரைக்கடியில் குழாய் இல்லை என்றால் மேடும் இல்லை.

ஆனால் பெரிய பைப்பு இறங்கும் மூலை கதவுக்குப் பின்னால் இருந்தது. கதவைத் திறந்தால் நடக்க மிஞ்சுவது பதினெட்டு அங்குலம். வாக்கரின் அகலம் இருபத்து நான்கு. இரண்டு முறை அளந்தேன்.

"கோப்பை நகராது. கதவை நகர்த்துங்க," என்றார் பிளம்பர். "கதவுக்கு பைப்பு கிடையாது சார்."

மேட்டை உடைத்தெடுத்து, பழைய வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, ஹால் பக்கச் சுவரை உடைத்துத் தள்ளுகதவு போட்டோம்.

பத்தாம் நாள் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் மாடிக்குத் தூக்கி வந்தார்கள். கதவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"ஹாலைப் பாத்தா கதவை வச்சிருக்க? வர்றவன் போறவன் எல்லாம் நான் எத்தனை தடவை போறேன்னு எண்ணுவான்."

"மேடு இல்லக்கா."

வாக்கரை முன்னால் வைத்தாள். அதன் கால்கள் தட்டாமல் உள்ளே போயின. கதவு மூடியது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

"வெளிய நிக்கறியா?"

"இல்ல."

"போடா அந்தப் பக்கம்."

படியிறங்கி வாசலுக்குப் போனேன். வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. மேலே ஓடிவிடலாமா என்று ஒரு காலைப் படியில் வைத்தபோது, வெளிச்சுவர்க் குழாயில் தண்ணீர் தடதடவென்று இறங்கியது.

கீழ்வீட்டுப் பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"அக்கா வந்துட்டாங்களாண்ணா?"