இறங்கும்போது ஆசை, ஏறும்போது தீர்ப்பு

கொல்லிமலையில் வேன் ஓட்டுகிறவனுக்குப் பிரேக் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்லுகிற சினிமாக் கதையைக் கடைசிவரை கேட்கிற பொறுமையும் வேண்டும்.

எங்கள் மலையில் தியேட்டர் கிடையாது. டிவியிலும் செல்போனிலும் எத்தனை பார்த்தாலும், பெரிய திரையில் பார்த்தால்தான் அது படம் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து என் வேனைப் பிடித்து நாமக்கல்லுக்குப் போவார்கள். செம்மேட்டில் கிளம்பினால் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, காரவள்ளி தாண்டி, டவுனுக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும். போகும்போது, படம் எப்படி இருக்கப் போகிறது என்று பேசுவார்கள். வரும்போது, எப்படி இருந்தது என்று பேசுவார்கள். டிரைவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுப்பது இங்கே ஒரு மரியாதை. அதனால் நானும் உள்ளே போய் உட்காருவேன். ஏசிக் காற்றுக்குப் பாதிப் படத்தில் தூங்கிவிடுவேன் என்பது வேறு விஷயம். ஆனால் திரும்பி வரும்போது விமர்சனம் கேட்காமல் தப்பித்தது ஒரு நாளும் இல்லை. பஸ், லாரி, ஆட்டோ என்று எதையாவது ஓட்டுகிறவர்கள் இதைப் படித்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

முதல் நாள், முதல் காட்சி

வாசலூர்பட்டி படகுத்துறை வாசலில் அன்னாசிப்பழம் வெட்டி விற்கிற சேகர், ஒரு பெரிய நடிகரின் ரசிகன். அவருடைய படம் வந்து இரண்டு வருஷமாகிவிட்டது என்று அவன் பட்ட வேதனையை அந்த நடிகரைப் பெற்றவர்கள்கூடப் பட்டிருக்க மாட்டார்கள். ஒரு வழியாகப் புதுப் படம் வந்தது. விடிந்தும் விடியாமல் பதினாறு பேர், ஒரே நிறத்தில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, வேனில் ஏறினார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு விசில். டிரெய்லரைப் பார்த்தே சேகர் முழுக் கதையும் சொல்லி முடித்துவிட்டான். வில்லன் எப்போது சாவான், தங்கச்சி எப்போது சாவாள், எல்லாம் அத்துப்படி.

படம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம் தியேட்டரில் காது கேட்கவில்லை. பிறகு கேட்க ஆரம்பித்தது. இடைவேளைக்குப் பிறகு நான் தூங்கியே போனேன்; எழுப்ப ஒரு விசில்கூட இல்லை. படம் நன்றாக இருந்தால் காரவள்ளிக்கு முன்னாலேயே பேச்சு தொடங்கிவிடும். சுமார் என்றால் பத்தாவது வளைவில் தொடங்கும். அன்றைக்கு முப்பது வளைவு தாண்டியும் சத்தமே இல்லை. பாட்டு பரவாயில்லை என்றான் ஒருவன். பாப்கார்ன் சூடாக இருந்தது என்றான் இன்னொருவன். நானாகவே கண்ணாடியில் சேகரைப் பார்த்து, என்னப்பா, படம் எப்படி என்று கேட்டேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான்:

"படம் நல்லாத்தாங்கண்ணா இருந்துச்சு. நாங்கதான் சரியாப் பாக்கலை."

பேய்ப் படம்

எங்கள் மலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. திண்ணனூர் நாட்டு மகளிர் குழுவுக்குப் பாப்பாத்தி அக்காதான் தலைவி. குழுவில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் பார்ப்பது என்று முடிவானது. குடும்பப் படம் வேண்டாம், ஊட்டில் பார்க்கிற அழுகையே போதும் என்று சொல்லிப் பேய்ப் படமாகப் பார்த்து அவரே தேர்ந்தெடுத்தார். தனியாகப் பார்க்காதீர்கள் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்களாம். போகிற வழியெல்லாம், பயத்தில் யார் யார் மயக்கம் போடுவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவர் திருநீறு மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

தியேட்டரில் பேய் வந்தது. அதன் சடையைப் பார்த்ததும் யாரோ, "பாவம், எண்ணெய் வெச்சு எத்தனை நாளாச்சோ" என்றார். அவ்வளவுதான், இரண்டு வரிசையும் சிரிக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அந்தப் பேய் என்ன பண்ணியும் எடுபடவில்லை. ஏமாந்துவிட்டோம் என்று புலம்பிக்கொண்டேதான் மலை ஏறினோம்.

மேலே வந்தபோது மணி நாலு இருக்கும். சாரல். பனி மூடி, முன்னால் பத்தடிகூடத் தெரியவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போனேன். திடீரென்று ரோட்டு நடுவில் வெள்ளையாக ஓர் உருவம் நின்று இரண்டு கையையும் ஆட்டியது. தலையும் இல்லை, முகமும் இல்லை. வேனுக்குள் கிளம்பிய கூச்சலில் நான் போட்ட பிரேக் சத்தம் எனக்கே கேட்கவில்லை. நேரமாகிவிட்டதே என்று பெண்டாட்டியைக் கூட்டிப் போகத் சாரலுக்கு உரச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காடையாகப் போட்டுக்கொண்டு வந்து நின்ற பாப்பாத்தி அக்காவின் வீட்டுக்காரர்தான் அது. இந்தக் கூச்சலுக்குப் பயந்து அவர் பள்ளத்தில் ஒரு காலை விட்டிருந்தார். அவரைக் கைகொடுத்துத் தூக்கி ஏற்றி உட்கார வைத்த பிறகு, அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:

"எங்கூட்டுக்காரரைக் கூப்பிட்டு நடிக்க வெச்சிருந்தா அந்தப் படம் ஓடியிருக்குமுங்க."

ஏணி

விவசாயியைப் பற்றி ஒரு படம் வந்தது. மலையில் மிளகு போடுகிற ஹீரோ, நிலத்தைப் பிடுங்க வந்த கம்பெனியை எதிர்த்து நின்று ஜெயிக்கிற கதை. இதைப் பார்க்காவிட்டால் நாம் என்ன விவசாயி என்று சொல்லி ஒரு கூட்டமே கிளம்பியது. வரும்போது வேனில் எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது. கோர்ட்டில் ஹீரோ பேசிய வசனத்தை ஒருவர் அப்படியே திருப்பிச் சொல்ல, மற்றவர்கள் மறுபடி அழுதார்கள். எனக்கும் அந்தப் படம் பிடித்திருந்தது. தூங்காமல் பார்த்தேன் என்பதே அதற்கு நற்சான்று.

ஒருவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ராசு அண்ணன். நாற்பது வருஷமாக மிளகு வைத்திருக்கிறவர். முகம் ஒரு மாதிரி இருந்தது. வீட்டில் ஏதும் பிரச்சினையோ என்று நினைத்து, இறங்கும் இடத்தில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். படம் பிடிக்கவில்லையா என்றேன். தையில் பறிக்கிற மிளகை ஆடி மழையில் பறித்தார்கள், சரி, சினிமாதானே என்று விட்டுவிட்டாராம். மரமேறி இறங்கியும் ஹீரோவின் வெள்ளைச் சட்டை கசங்கவில்லை, அதையும் விட்டுவிட்டாராம். கம்பெனிக்காரனைக்கூட மன்னித்துவிட்டாராம். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார்:

"மரத்துல சாத்துன ஏணிய அப்படியே உட்டுட்டு அந்தப் புள்ள பொறகால பாட்டுப் பாடப் போயிட்டானுங்க. படம் முடியற வரைக்கும் ஆரும் எடுத்து வெக்கலை."

புது மாப்பிள்ளை

அடிவாரத்து ஊர்ப் பெண் செல்வியை எங்கள் மலைப் பையன் முருகேசனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணமாகி இருபது நாள். இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொள்ளக்கூட வீட்டில் தோதில்லை. ஒருநாள் சினிமாவுக்குக் கூட்டிப் போகிறேன் என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான். வேறு ஒரு குடும்பம் வேன் பிடித்தபோது அவர்களும் ஒட்டிக்கொண்டார்கள். காதல் படம். அதில் வரும் பாட்டெல்லாம் செல்விக்கு மனப்பாடம். வேன் கிளம்பும்போது முணுமுணுத்துக்கொண்டேதான் ஏறினாள்.

ஐந்தாவது வளைவில் பாட்டு நின்றது. பத்தாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். அதற்குப் பிறகு எத்தனை முறை நிறுத்தினேன் என்று ஞாபகம் இல்லை. எலுமிச்சம்பழம், புளிப்பு மிட்டாய் எதற்கும் வாந்தி நிற்கவில்லை. தியேட்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை துவண்டுபோயிருந்தாள். பெயர் போடும்போதே முருகேசன் தோளில் தலையைச் சாய்த்தவள்தான், அப்படியே தூங்கிவிட்டாள். நான் அவர்களுக்குப் பின் வரிசை. நான் விழித்திருந்த நேரமெல்லாம் கவனித்தேன்: அவன் அசையவே இல்லை. இடைவேளைக்கும் எழவில்லை. திரையில் பாதியை முன்னால் உட்கார்ந்திருந்தவரின் தலை மறைத்தது. சாய்ந்து பார்த்தால் அவள் எழுந்துவிடுவாளோ என்று அதையும் விட்டுவிட்டான். வெளியே வந்தபோது தோளை நீவிக்கொண்டே நின்றவனிடம், படம் எப்படி என்று கேட்டேன். சந்தோஷமாகச் சொன்னான்:

"ரொம்ப நல்ல படமுங்கண்ணா. இன்னொருக்கா வந்து கதையப் பாக்கோணும்."

எங்கள் மலையில் எடுத்த படம்

மூன்று வருஷத்துக்கு முன்னால் தேவனூர் நாட்டில் ஒரு படம் எடுத்தார்கள். சாமான் ஏற்றி இறக்க என் வேன்தான். ஊரே அதில் ஆளுக்கொரு பக்கம் நின்றது. முன்னாள் வார்டு மெம்பர் பெரியசாமிக்கு ஒரு வசனமே கொடுத்தார்கள். வழி கேட்கிற ஹீரோவிடம், "இந்தப் பாதை எங்கயும் போகாது, தம்பி" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியை அவர் மூன்று வருஷமாகக் கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது புல்லுக்கட்டோடு அந்த வழியாக வந்த நல்லம்மாவின் நடை டைரக்டருக்குப் பிடித்துப்போனது. நாலு முறை நடக்கவிட்டு எடுத்தார்கள். மாடு காத்துக்கொண்டிருக்கிறது, இன்னும் எத்தனை தடவை போகிறது என்று அவர் சலித்துக்கொண்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு, நாலே நாளில் நல்லம்மா போய்விட்டார். அவர் புருஷன் வெள்ளையனிடம் மனைவியின் படம் என்று இருந்தது ரேஷன் கார்டில் நகத்தளவுக்கு ஒன்றுதான்.

படம் வெளியானதும் ஊரில் பதினெட்டுப் பேர் கிளம்பினோம். வெள்ளையன் தியேட்டருக்குள் காலெடுத்து வைப்பதே முதல்முறை. என் பக்கத்தில், துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நம்ம பாறை, நம்ம கொட்டாய், அதோ ராமன் ஊட்டு நாய் என்று வரிசையே பேசிக்கொண்டிருந்தது. ஹீரோ மலைக்கு வந்தான். யாரிடமும் வழி கேட்காமல் நேராக நடந்து போனான். பெரியசாமி பக்கம் திரும்பிப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில், ஹீரோவும் ஹீரோயினும் பேசிக்கொண்டிருக்க, அவர்களுக்குப் பின்னால் இடதுபக்கத்திலிருந்து நல்லம்மா வந்தார். தலையில் புல்லுக்கட்டு. ஒரு கையை வீசி, நாலைந்து எட்டு நடந்து, வலதுபக்கம் போய் மறைந்துவிட்டார்.

வெள்ளையனின் கை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. மெதுவாக, "மறுக்கா வருவாளா, சாமி?" என்று கேட்டார். நாலு முறை நடக்கவிட்டதும் அந்த ஒரு இடத்துக்குத்தான் என்று எனக்குத் தெரியும். பார்க்கலாமுங்க என்று சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகு அவர் படத்தைப் பார்க்கவில்லை. திரையின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்குப் போடும்வரை பார்த்தார். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

வெளியே வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த ஆட்டமும் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் வந்துகொள்கிறேன், நீங்கள் எல்லோரும் போங்கள் என்றார். இது பெரியசாமி காதில் விழுந்துவிட்டது. மனுஷன் அதுவரை யாரோடும் பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் பயந்தேன். அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சொன்னார்: "பஸ்ஸெல்லாம் எதுக்கு? அல்லாருமே இன்னொருக்கா பாத்துட்டுப் போலாம். என்ர வசனத்த நாந்தான் கவனிக்காம உட்டுட்டனோ என்னமோ."

ஒருவரும் மறுக்கவில்லை. பதினெட்டுப் பேரும் மறுபடி உள்ளே போய் அதே படத்தைப் பார்த்தோம். அந்த இடம் வந்தது. நல்லம்மா வந்தார், போனார். வெள்ளையன் இந்த முறை என் கையைப் பிடிக்கவில்லை. முன்னால் குனிந்து, முட்டியில் கை ஊன்றி, சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பெரியசாமியின் வசனம் இரண்டாவது ஆட்டத்திலும் வரவில்லை.

மலை ஏறும்போது பின் சீட்டிலிருந்து யாரோ, படம் எப்படி மாமா என்று வெள்ளையனைக் கேட்டார்கள். அவர் நிதானமாகச் சொன்னார்:

"அவ நடை அப்படியேதான் இருந்துச்சு, கண்ணு. நடுவால என்னமோ கதையும் ஓட்டுனாங்க."

இத்தனை வருஷம் இவர்களோடு படம் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எடுக்கிறவர் ஒன்றை நினைத்து எடுக்கிறார், பார்க்கிறவர் வேறொன்றைப் பார்த்துவிட்டு வருகிறார், எதையும் முழுசாகப் பார்க்காத நான் மறுநாள் காலையில் சீட்டைக் கழுவுகிறேன்.